நீல வளையம் போட்ட மாப்பிள்ளை

மார்ச் 2
நெட்டை, உன் மாப்பிள்ளை இன்றைக்கும் வரவில்லை. மீன் வெட்டும் கொட்டகையில் வேலை முடிந்ததும் உன் பைனாகுலரை மாட்டிக்கொண்டு துறைமுக அலைதடுப்புச் சுவர் ஓரம் உட்கார்ந்தேன். எல்லாம் மங்கல். திருகிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறைத்தபோது வெளிச்சமே போய்விட்டது.

மார்ச் 5
தங்கச்சி வந்திருந்தாள். "அத்தான் போனதும் அவர் பைத்தியம் உன்னைப் பிடிச்சுக்கிச்சாக்கா?" என்றாள். பனிக்காலம் முழுக்க இருமி இருமி, நீ கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதானே. "மாப்பிள்ளை வந்தா நல்லா கவனிச்சுக்கோடி."
பெண்ணைப் பெறாத வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறான், தின்கிறான், சொல்லாமல் போகிறான், வேறென்ன பேர் வைப்பது என்பாய்.

மார்ச் 9
மழை. போகவில்லை.

மார்ச் 11
வந்துட்டான். கையில் அடங்குகிற உப்புக்கொத்திக் குருவி, இடது காலில் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிய அதே நீல வளையம். நீ சொன்ன மாதிரியே நாலடி ஓடுகிறான், நிற்கிறான், கொத்துகிறான். கூட ஒருத்தி வேறு. சரளைக் கல்லில் நெஞ்சைத் தேய்த்துக் குழி பறிக்கிறான். எவ்வளவு தூரம் பறந்தானோ, எலும்பும் தோலுமாக இருக்கிறான். அப்படியே விடுவேனா?

மார்ச் 12
கொட்டகையிலிருந்து ஒரு வாளி மீன் குடல் கொண்டுபோய்க் குழி பக்கத்தில் கொட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி வாரம் கஞ்சியைப் பார்த்து நீ முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரியே. உன்னையே சாப்பிட வைத்தவள், இவனை விடுவேனா.

மார்ச் 15
வெள்ளை வெள்ளையாகக் கடல்காக்கைகள் மொய்க்கின்றன. அவன் பங்கையும் அதுகளே விழுங்குகின்றன. நாளையிலிருந்து இரண்டு வாளி.

மார்ச் 28
கல்லோடு கல்லாக மூன்று முட்டை. நெட்டை, நீ தாத்தா.

மார்ச் 30
போனபோது கரை முழுக்க வெள்ளையாக இருந்தது. எல்லாம் கடல்காக்கை. குழியில ஒண்ணும் இல்ல. ஓடு ஒரு துண்டு. அவளைக் காணோம்.
அவன் மட்டும் இருந்தான். ஒரு சிறகை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டு, என் முன்னால் ஓடினான். அடிபட்டிருக்கிறான் என்று பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரம் போனதும் ஒழுங்காகப் பறந்துவிட்டான்.
துறைமுகக் காவலாளிதான் சொன்னார். "அது நடிப்புக்கா. எதிரி வந்தா, முட்டை போன பின்னாலயும், குழிகிட்ட விடாம இழுத்துட்டுப் போகும்."
எதிரி - நான்.
"அது பூச்சி, புழு தின்னுற ஜாதி. நீங்க கடல்காக்காவுக்கு தினம் பந்தி வெச்சீங்க. பந்திக்கு வந்தது பக்கத்துல இருக்குறதை விடுமா?"

ஏப்ரல் 3
யாரும் இல்லை. வாளிகளைக் கழுவிக் கொட்டகையில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 4
தூக்கம் வரல. நீ வேண்டாம் வேண்டாம்னு தலையத் திருப்பத் திருப்ப, தாடையப் பிடிச்சுக்கிட்டு ஊட்டினேனே நெட்டை - உனக்கு வலிச்சுதா?