மோதிரத்தைத் திருப்பி அனுப்புகிறேன்

கரமனை,
திருவனந்தபுரம்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு, திவ்யலட்சுமி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நான், உங்கள் அம்மா, நம் பெண் ஜானவி மூன்று பேரும் சௌக்கியம். முதல் வரியிலேயே இதை எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் வரை நான் எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது புரண்டேன், நெஞ்சு எவ்வளவு வேகமாக அடித்தது என்பதெல்லாம் நான் வாயே திறக்காமல் தோஹாவில் உங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இனிமேல் தெரியாது. பழையபடி நாங்கள் சொன்னால்தான் உண்டு. சௌக்கியம் என்று சொல்கிறேன், நம்புங்கள்.

கடிதமா, இந்தக் காலத்திலா என்று சிரிப்பீர்கள். போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே குறுக்கே விழுவீர்கள். மெசேஜ் அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவீர்கள். உங்கள் சிநேகிதர் தாணுமாலையன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் இதையும் ஒரு பெட்டியையும் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியில் இரண்டு சாமான். ஒன்று, நீங்கள் என் விரலில் போட்டுவிட்ட ஸ்மார்ட் மோதிரம். இன்னொன்று, ஜானவிக்கென்று அவரிடமே கொடுத்துவிட்ட வாட்ச். அதன் சீலைக்கூடப் பிரிக்கவில்லை. தாலி கழுத்தில்தான் இருக்கிறது, பதற வேண்டாம்.

கல்யாண வேலைகள் நன்றாக நடக்கின்றன. கல்யாணப் பெண்ணான உங்கள் தங்கை ஜெயலக்ஷ்மி நாளுக்கொரு பிளவுஸ் டிசைன் அனுப்பி என் உயிரை வாங்குகிறாள். ஆரியசாலையில் மளிகைக்குச் சொல்லியாகிவிட்டது. சமையல்காரர் தை மாதம் பூராவும் வேறு எங்கும் ஒத்துக்கொள்ளவில்லையாம், அப்படித்தான் சொல்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காது மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விஷுவுக்கு நீங்கள் வந்தபோது ஒரு பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தீர்கள். கூடத்தில் ஒரு கேமரா, வாசலில் ஒரு கேமரா, சொன்ன பேச்சைக் கேட்கிற ஸ்பீக்கர், எனக்கு மோதிரம். எல்லாவற்றையும் உங்கள் பெயரில் ஒரே குடும்பக் கணக்கில் சேர்த்தீர்கள். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. கூடத்துக் கேமராவிலிருந்து திடீரென்று உங்கள் குரல் வரும், ஜானு, நேரா உக்காரு என்று. அவள் துள்ளி விழுவாள், நாங்கள் சிரிப்போம். பிறகு அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். கேமரா எட்டாத உக்ராண அறையில், அரிசி டின்களுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாள். ஏன் அங்கே போகிறாள் என்று நீங்கள் என்னைக் கேட்டீர்களே தவிர, அவளைக் கேட்கவில்லை.

என் கதை அதைவிட மோசம். கிழக்கேகோட்டையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். கரமனைப் பாலம் வருவதற்குள் உங்கள் போன். நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது, ஆபீஸில் யாரோடு சண்டை என்று கேட்டீர்கள். ஒரு நாள் தூக்கம் வராமல் படுத்திருந்தேன். காலையில் காபி குடிப்பதற்கு முன்பே விசாரணை. பஸ்ஸுக்கு ஓடக்கூட உங்களிடம் லீவு லெட்டர் எழுத வேண்டுமா என்ன?

நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. கழக்கூட்டத்து ஆபீஸில் நாள் முழுக்க இந்த மாதிரி ஆப்களைச் சோதித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். இவை எங்கே சரியாகச் சொல்லும், எங்கே உளறும் என்று உங்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும். புதுச் சாமான் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை வைத்துக்கொண்டு நீங்கள் செய்த காரியத்தின் மேல்தான் கோபம்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் பாதிதான் பார்த்தீர்கள். மீதியை நான் சொல்கிறேன். ஜெயலக்ஷ்மியின் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று சுமங்கலிப் பிரார்த்தனை. அப்பா இல்லாததால் அம்மா முன்னே நிற்க முடியாது, குளித்து மடியாகச் சமையல் மட்டும்தான் செய்யலாம். வந்த சுமங்கலிகளுக்கு எண்ணெய் கொடுத்து, புடவை வைத்துக் கும்பிட்டு, பரிமாறி உபசரிப்பதெல்லாம் மருமகளான என் பொறுப்பு. கன்யாப் பெண்ணாக நம் ஜானவியே பட்டுப் பாவாடையோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் தூரத்தில் இருந்தே பார்க்க வேண்டும் என்று கேமராவை ஆன் செய்து வைக்கச் சொன்னதே அம்மாதான்.

இலை போட்டாகிவிட்டது. நான் நெய்க் கிண்ணத்தோடு முதல் இலைக்குக் குனிகிறேன். அப்போது சுவரிலிருந்து உங்கள் குரல். அம்மாவின் காதுக்காக நீங்கள்தானே சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தீர்கள், தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அம்மா, திவ்யா ஒண்ணையும் தொட வேண்டாம், அவளுக்கு இன்னிக்கு ஆரம்பிச்சிருக்கும், இங்கே ஆப்பில காட்டறது என்று சொன்னீர்கள்.

கூடத்தில் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஆப்பில் வந்தது வெறும் கணிப்பு. மழை வரலாம் என்று ரேடியோவில் சொல்வது மாதிரி. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றதில் உடம்பு சுட்டது, அதை வைத்து அந்த மோதிரம் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறது. வானம் வெளுத்திருக்கும்போது குடை பிடிக்கச் சொன்ன கதையாக, அதை நீங்கள் நடந்த விஷயமாக்கிச் சபையில் சொல்லிவிட்டீர்கள். ஒன்றும் இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அத்தனை பேர் முன்னால் என் வாயால் சொன்னேன். சொல்ல வைத்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மானம் போயிற்று என்பார்களே, அது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு உங்கள் போனில் படம் கறுத்துப்போயிருக்கும். அன்று சாயங்காலம் மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பினீர்கள். கேமராவை ஏன் உடைத்தாய், கோபம் வந்தால் பேச வேண்டியதுதானே, உடைத்ததற்கெல்லாம் வாரன்டி கிடையாது என்று. இத்தனையிலும் மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் பதில் போடவில்லை. உடைத்தவள் நான் இல்லை.

உடைத்தது உங்கள் அம்மா. உங்கள் குரலைக் கேட்டதும் அடுப்படியிலிருந்து ஈரம் சொட்டும் மடிப் புடவையோடு வந்தார். மடியில் இருக்கும்போது பிளாஸ்டிக்கைக் கையால் தொட முடியாதே. மடித் துணியைத் தொடாமல் உயரத்துக் கொடியில் உலர்த்துவோமே, அந்த நீள மூங்கில் கோலை எடுத்தார். கேமராவை அண்ணாந்து பார்த்து, சுப்பு, வாயை மூடுடா, இது பொம்மனாட்டி சமாச்சாரம், அவ வாயால என்கிட்ட சொல்லணும், அதாக்கும் இந்தாத்து வழக்கம், உங்கப்பா ஒருநாள் இதைக் கேட்டதுண்டா என்றார். ஒரே இடி. கேமரா கோலத்தின் மேல் முகம் குப்புற விழுந்தது. இலை எடுக்கிற வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு வேறு. இலையில் உட்கார்ந்திருந்த ஆரியசாலை அத்தை தன் கைமோதிரத்தைப் பார்த்துக்கொண்டு, நல்லவேளை, இது இத்தனை வருஷமா ஒண்ணும் பேசினதில்லை என்றதும்தான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பின்கட்டில் போய் அழுதேன்.

அம்மாவும் நானும் இதில் ஒரே கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். தூரம், மடி இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, அது அம்மாவுக்கும் தெரியும். அவருடைய மனசுக்காக நான் சொல்கிறேன், ஒதுங்குகிறேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள ஏற்பாடு. நீங்களோ அங்கே மடியும் பார்ப்பதில்லை, ஆசாரமும் பார்ப்பதில்லை. தாணுமாலையன் எல்லாம் சொன்னார். உங்களுக்கு எதற்கு எங்கள் நடுவில் ஒரு நாட்டாமை?

அன்று ராத்திரி பாவாடையை மாற்றிக்கொண்டே ஜானவி பாதி மலையாளத்தில் ஒன்று கேட்டாள். அம்மா, என்ன நாணக்கேடு இது, நான் பெரியவளானா அப்பா என்னையும் இப்படித்தான் எல்லார் முன்னாடியும் விளிச்சுச் சொல்லுவாரா என்று. அடுத்த வாரமே தாணுமாலையன் அந்த வாட்சைக் கொண்டுவந்து வைக்கிறார். கூடவே உங்கள் மெசேஜ். ஜானுவையும் கணக்கில் சேர்த்துவிடு, பெண் குழந்தைகளுக்கென்று மாதக் கணக்கு வைக்கிற ஒரு பகுதி இருக்கிறது, மறக்காமல் அதையும் ஆன் செய்துவிடு என்று.

முடியாது. இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். என் உடம்பை நீங்கள் எண்ணினீர்கள், ஏதோ புருஷன் என்று இருந்துவிட்டேன். என் பெண்ணின் உடம்பை யாரும் எண்ண விடமாட்டேன். அவள் அப்பாவானாலும் சரி. இதற்காக நீங்கள் தையில் கல்யாணத்துக்கு வந்து என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, ஆனியில் எங்களைத் தோஹாவுக்குக் கூட்டிப்போகிற யோசனையைக் கைவிட்டாலும் சரி.

உங்கள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே போனபோது அம்மா கோயிலில், நான் ஆபீஸில். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாரே என்று விமானத்திலிருந்து இறங்கியதும் என் தோளில் அழுதீர்கள். அன்றிலிருந்து உங்களுக்கு நிம்மதி கிடையாது. கேமராவை மாட்டியபோது நான் தடுக்காததும் அதனால்தான். ஆனால் அப்பா போன துக்கத்துக்கு என் தீட்டை எண்ணி என்ன ஆகப்போகிறது? பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். எந்நேரமானாலும் உங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

செய்ததையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. குடும்பக் கணக்கிலிருந்து நான் விலகிவிட்டேன், ஜானவியை அதில் சேர்க்கவும் இல்லை. மோதிரம் எண்ணி வைத்த பழைய கணக்கெல்லாம் அழித்தாகிவிட்டது, பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டேன். கூடத்தில் இனிமேல் கேமரா கிடையாது. வாசல் கேமரா இருக்கட்டும், பால்காரர் வந்தாரா என்று பார்க்க அம்மாவுக்கு அது வேண்டுமாம். ஸ்பீக்கரும் இருக்கட்டும். காலையில் அது ஸ்தோத்திரம் போடாவிட்டால் அம்மாவுக்குப் பொழுது விடியாது. அதன் காதை மட்டும் அடைத்து வைத்திருக்கிறேன். ஜானவி மறுபடியும் கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறாள், கூனிக்கொண்டுதான்.

கடைசியாக ஒரு விஷயம். நாலைந்து நாளாக ஜானவி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்கிறாள். அப்புறம் வேண்டாம் என்கிறாள். போனை எடுக்கிறாள், வைத்துவிடுகிறாள். என்ன என்று நான் எழுதமாட்டேன். அம்மாவும் சொல்லமாட்டார். வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும், ஆனாலும் சத்தியம் செய்திருக்கிறார். ஜானவி சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். என்றைக்குச் சொல்வாள் என்று எந்த ஆப்பும் காட்டாது.

உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். அவள் பெயர் போனில் வந்தால் மீட்டிங் என்று வெட்டிவிடாமல் எடுங்கள். அவள் ஸ்கூல், மார்க், மழை என்று எதையாவது சுற்றிச் சுற்றிப் பேசுவாள். பேசட்டும். நடுவில் வார்த்தை நின்றுபோனால் என்ன, என்ன என்று அவசரப்படுத்தாதீர்கள். சும்மா லைனில் இருங்கள்.

உங்கள் சௌக்கியத்தை வேண்டிக்கொண்டு,
திவ்யலட்சுமி