தச்சர் வரும் நாள்

வாயால் சொன்னால் இந்த மனுஷனுக்கு எங்கே உறைக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணவனுக்கு எழுதத் தொடங்கினாள்.

"சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கு, சூடு பண்ணிக்குங்க. நாலு மணிக்குப் பாப்பாவை நீங்கதான் கூட்டிட்டு வரணும். மழை வந்தா கொடியில இருக்கிற துணி."

பேனா நின்றது. ஹாலை அடைத்துக்கொண்டு கிடந்தது அவளுடைய வரைமேஜை. வெளிநாட்டில் எட்டு வருஷம் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்த மேஜை. ஊர் திரும்புமுன் இந்த வீட்டு அறைக் கதவை வீடியோவில் சாண் போட்டு அளந்தவன் கொழுந்தன். "நாலு சாண் இருக்கு அண்ணி, தாராளம்!" அங்கே கணவர் தன் அகலக் கையால் மேஜையை அளந்து, "மூணே முக்கால்தான், ஏத்திடலாம்" என்றார். தம்பி கை குழந்தைக் கை மாதிரிச் சின்னது என்பது யாருக்கும் தோன்றவில்லை. மேஜை அறைக் கதவில் நுழையவில்லை; மூன்று மாதமாக எல்லோரும் அதில் இடித்துக்கொள்கிறார்கள்.

இன்று காலை சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்: "பதினோரு மணிக்குத் தச்சர் வருவார். ரெண்டா அறுத்துடட்டும். நீ வெளிய போறதுன்னா சாவியை அவர்கிட்ட குடுத்துட்டுப் போ. இனிமே உனக்கு எதுக்கு அவ்ளோ பெரிய மேஜை?"

தாளில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"பதிப்பகத்துக்குப் போறேன். நாற்பது படம் வேணுமாம், ஒத்துக்கப் போறேன். கதவை வேணா இடிங்க. தச்சருக்கு ஃபோன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."