ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு முன், அக்காவுக்கு

என் ஜெயா அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். இறந்தவர்களிடம் பேசக் கூடாது என்பது நம் சபையின் பழக்கம். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஜெபத்தின் நடுவில் உன் பெயர் வாயில் வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். எழுதினால் அவ்வளவு தப்பில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சிப்காட்டுக்குப் போகும் உன் பிஸ்கட் கம்பெனி பஸ் இன்னும் நம் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறது. அந்தச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து நின்றுவிடுகிறாள். எனக்கு கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறது. "எங்க ஊட்ல மொத டிகிரி இவதான்" என்று ஆரம்பாக்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அவள் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்குகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, உன் விசுவாசத்தைப் பற்றி நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஆனால் பயம் அதனால் இல்லை. உன்னைப் போலவே தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று நாள் உபவாசம் இருக்க நம் சபைப் பெண்பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள். என் சாட்சி முடிந்ததும் தொடங்குகிறார்கள்.

அதில் பக்கத்து வீட்டு எஸ்தரும் இருக்கிறாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். பழகிப் பார்க்கிறேன் என்று போன வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் போய், பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தாள். "ஜெயாக்கா நாளெல்லாம் பிஸ்கட் வாசனைல நின்னுகினே உபவாசம் இருந்தாங்க. என்னால முடியாதா?" என்று என்னையே கேட்கிறாள்.

உன் உபவாசத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாசமாயிருந்த தோழிக்காக நீ இரண்டு ஷிப்ட் நின்றுவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். உன் பங்குச் சோற்றைக் கம்பெனியில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, வயிறு நிறைந்தவள் போல வீட்டுக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தில் கர்த்தர் இருந்தார், சந்தேகமே இல்லை.

ஆனால் உபவாசம் இல்லாத நாட்களின் ஜெயாவை ஏன் யாரும் சாட்சியாகச் சொல்வதில்லை? ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சுடச்சுட பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு, "பரலோகத்துல பஜ்ஜி போடுவாங்களாடி? டவுட்டுதான். எதுக்கும் இங்கயே இன்னொன்னு வாங்கு" என்று சிரித்தாயே. கர்த்தர் தருவது பரிபூரண ஜீவன், குறைவில்லாத வாழ்வு என்று பாஸ்டர் சொல்லும்போதெல்லாம் எண்ணெய் ஒட்டிய அந்த வாய்தான் எனக்கு நினைவுக்கு வரும். தன்னைத்தான் வெறுத்துப் பின்னால் வரச் சொன்ன இயேசு, நம் உடம்பு முனகினால் காதைப் பொத்திக்கொள்ளவும் சொன்னாரா, அக்கா?

கடைசி உபவாசத்தின் இரண்டாம் நாளே உனக்கு உடம்பு சுட்டது. பாஸ்டரம்மா வந்து தொட்டுப் பார்த்து, "பாலாவது குடிம்மா, கர்த்தர் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு" என்றார்கள். "முடிச்சிட்டு குடிக்கிறேம்மா. இது உபவாசக் களைப்புதான்" என்றாய். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். நீ குளிரில் நடுங்கினாய்; ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னாள். டெங்கு என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் கைமீறியிருந்தது.

உபவாசம்தான் உன் காய்ச்சலை மறைத்துவிட்டது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? "உங்கக்கா பேரக் கெடுத்துடாதடி. அவ ஜெயிச்சிட்டுப் போனவ" என்கிறாள். அவளைத் தூங்கவைப்பது அந்த ஒரு நினைப்புதான். அதை உடைத்தால் அம்மா என்ன ஆவாள்? உடைக்காவிட்டால் எஸ்தர் என்ன ஆவாள்?

உன்னைச் சின்னவளாக்க மாட்டேன், அக்கா. நீ விட்டுக்கொடுத்ததையும் சொல்வேன், நீ ரசித்துச் சாப்பிட்டதையும் சொல்வேன். அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வேன். இது சத்தியம்.

இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. என்னைக் கிட்டே இழுத்து, "ரொம்பப் பசிக்குதுடி. சபைல யாராண்டயும் சொல்லிடாத" என்றாய். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீ எதுவும் பேசவில்லை.

இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வாய்திறந்து சொல்ல வேண்டும். அன்று தலையாட்டி நான் கொடுத்த வாக்கிலிருந்து என்னை விட்டுவிடு, அக்கா.

உன் தங்கச்சி,
கிரேஸ்