திமிங்கிலத்தை எழுப்ப வேண்டாம்

என்னங்க,

நீங்கள் இருவரும் எழுவதற்குள் கிளம்புகிறேன். ஆஸ்பத்திரியில் இன்று பகலோடு ராத்திரியும் டூட்டி, நாளைதான் வருவேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி ஜன்னலோரம்.

"வகுப்புச் செய்தியெல்லாம் உனக்குத்தான் வருது, நான் என்ன விருந்தாளியா?" என்று கோபித்துக்கொண்டீர்கள். டீச்சரிடம் உங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டேன். நேற்று அவர், குழந்தை கதையை வாய்விட்டு வாசிக்கட்டும், பிடித்த இடத்தை எழுதியனுப்புங்கள் என்றால், நீங்கள் ஆபீஸ் ஞாபகத்தில் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் போட்டிருக்கிறீர்கள்! சிரித்ததற்கு மன்னியுங்கள்.

நேற்று ராத்திரி பாப்பா, திமிங்கிலம் தூங்கும் பக்கம்வரை எனக்கு வாசித்தாள். "மீதி அப்பாவுக்கு" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். இப்போது போர்வையைச் சரிசெய்தபோது, கண்ணைத் திறக்காமலே, "மெதுவா நடம்மா, அது முழிச்சுக்கும்" என்றாள். விடிகிற வெளிச்சத்தில் அறை முழுக்க நீலம். நானும் தண்ணீருக்குள் நடப்பதுபோலத்தான் நடக்கிறேன். உங்கள் குறட்டைகூடக் கடலடியிலிருந்து வருகிறது.

ராத்திரி போனைத் தள்ளி வைத்துவிட்டு மீதிக் கதையைக் கேளுங்கள்.

மறந்துவிட்டேன்: பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: திமிங்கிலம் எழுந்ததா என்று எனக்குத் தெரியாது. டீச்சருக்கு எழுதுவதை எனக்கும் அனுப்புங்கள். இன்றைக்கு நான்தான் விருந்தாளி.