ஷார்ஜாவில் ஓர் ஆறு பவுண்டர்

மாதா துணை

ஷார்ஜா
8.9.2024

அன்புள்ள செசிலிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைக்க மட்டும்தான் முடிகிறது, உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது.

நான் வேலை பார்க்கும் ஷெட்டைப் பற்றி உனக்குச் சரியாக எழுதியதே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பீரங்கிகளை முதலாளி ஏலத்தில் வாங்கி நிறுத்தியிருக்கிறார். எது எந்த நாட்டுடையது, எந்த ரகம் என்று பார்த்துச் சொல்லி, துரு எடுக்க வைக்க வேண்டும். பட்டாளத்துப் பீரங்கிப் பட்டறையில் இத்தனை வருஷம் கிடந்ததற்கு, ஓய்வுபெற்ற பின் இப்படி ஒரு பிழைப்பு.

இந்த வாரம் டாங்கிகளை அடிக்கிற பீரங்கி ஒன்று வந்தது. ஜெர்மன்காரனுடையது என்று அட்டை கட்டியிருந்தது. முன்தகடும் குழல் முனையும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் குண்டு போட்டதும் பின்பக்கத்தை மூடுகிற இரும்புக் கட்டை, பிரீச் என்போமே, அது ஜெர்மன் பீரங்கியில் பக்கவாட்டில் நகரும். இதில் கீழே இறங்கும்படி வெட்டியிருக்கிறது. பெயின்டைச் சுரண்டினேன். அடியில் அம்புக்குறி, பிரிட்டிஷ் முத்திரை. ஆறு பவுண்டர், செசிலி! நம் பட்டாளத்துக்காரர்கள் பர்மாவுக்கு இழுத்துப்போன அதே ரகம். எவனோ ஜெர்மன் தகட்டை ஒட்டவைத்து விற்றிருக்கிறான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடம் சொல்ல? அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பிரீச் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. குழலின் வாயையும் சிமெண்டு வைத்து அடைத்திருக்கிறார்கள். அதை முன்னாலிருந்து சுயம்புராஜ் கொத்தி எடுக்கிறார். குழித்துறைக்காரர், இங்கே பெயின்டர். இந்த ஷெட்டில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ஞானதாசன்

---

இனயம்
29.9.2024

அன்புள்ள பெபிஷா அப்பாவுக்கு,

செசிலி எழுதுவது. கடிதம் கிடைத்தது. ஆறு பவுண்டர் என்றால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்தது. அதனால் இரண்டு முறை படித்தேன்.

இங்கே கடல் ஏறி, மேற்கே ரோடு பாதி போய்விட்டது. பெபிஷா பெங்களூரிலிருந்து ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு நைட் டூட்டி. அவள் போனை வைத்த பிறகு இந்த வீட்டில் என் குரல் கேட்பது ஜெபமாலை சொல்லும்போது மட்டும்தான்.

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். உங்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் நான் கத்த வேண்டியிருக்கிறது. போன தடவை அடுத்த வீட்டு நேசம்மாள் ஓடி வந்துவிட்டாள். "ஏட்டி, யாருகூட இப்பிடிச் சண்டை போடுத?" என்று கேட்டாள். "எனக்க மாப்பிளகிட்ட சாப்பிட்டீரான்னு கேட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காது கேட்காததை மறைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தீர்கள். இப்போதாவது முதலாளியிடம் சொல்லிவிட்டீர்களா?

கிறிஸ்துமஸுக்கு வருவீர்களா? தெரிந்தால் வெள்ளையடிக்க ஆள் பார்ப்பேன்.

உங்கள்
செசிலி

---

ஷார்ஜா
27.10.2024

அன்புள்ள செசிலிக்கு,

சுகம். பிரீச் ஒருவழியாகத் திறந்துவிட்டது. போலீசார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், வழக்கமான சோதனைதான். அட்டையை மாற்றச் சொல்லி முதலாளியே உத்தரவு போட்டுவிட்டார். ஜெர்மன் என்று ஆசையாக வாங்கியதாம். இருந்தும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நல்ல மனிதர்.

சுயம்புராஜ் லீவில் ஊருக்கு வருகிறார். அவரிடம் பேரீச்சம்பழமும் உனக்கு ஒரு கம்பளிப் போர்வையும் கொடுத்திருக்கிறேன். இனயத்துக்கு எதற்குக் கம்பளி என்று கேட்காதே, நிறம் பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. காது விஷயத்தை விடு. இந்த வேலைக்குக் கண் இருந்தால் போதும்.

உன்
ஞானதாசன்

---

இனயம்
17.11.2024

பெபிஷா அப்பாவுக்கு,

சுயம்புராஜ் வந்திருந்தார். பழத்தையும் போர்வையையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சேச்சி, அண்ணன் ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டார்.

"என்னத்த?"

"சிமெண்டு கட்டி உடைஞ்சு விழுந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாக்கேன், குழலுக்க உள்ள குண்டு கிடக்கு. பழைய குண்டு, வெடிக்காத குண்டு. பொறத்த, பிரீச்சுல, அண்ணன் சுத்தியல் வச்சு அடிச்சிட்டே இருக்காரு. நான் குழலுக்க நேரே நிக்கேன். 'அண்ணே, நிறுத்தும், நிறுத்தும்'னு தொண்டை கிழிய விளிச்சேன். அவரு நிமிந்துகூடப் பாக்கல. பின்ன எப்பிடியோ சுத்தி ஓடிப்போயி கையப் பிடிச்சேன். அண்ணன் சிரிச்சிட்டுக் கேக்காரு, 'என்ன, காப்பிக்கு நேரமாச்சா?'ன்னு."

உங்கள் காது இவ்வளவு மோசம் என்று அவருக்கு அன்றுவரை தெரியாதாம். கூப்பிட்டால் சில நேரம் திரும்பமாட்டார், பட்டாளத்துக்காரர், தலைக்கனம் என்று நினைத்திருந்தாராம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். படத்தைக் காட்டினார். நான் என்ன சொல்ல? மன்னிக்கச் சொல்லி உங்களுக்காக நான் கேட்டேன்.

போலீசார் வந்தது அந்தக் குண்டை எடுக்கத்தானாம். எனக்கு நீங்கள் எழுதியது, வழக்கமான சோதனை என்று.

முதலாளியிடம் காது விஷயத்தைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

செசிலி

---

ஷார்ஜா
12.12.2024

அன்புள்ள செசிலிக்கு,

சொல்லிவிட்டேன். முதலாளி என் முகத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு, மெதுவாகப் பேசினார். இனி ஷெட்டில் சுத்தியல் வேலை கிடையாது. ஐரோப்பாவில் மூடிவிட்ட ஒரு மியூசியத்துப் பீரங்கிகளை வாங்கப்போகிறாராம். படங்களையும் முத்திரைகளையும் பார்த்து ரகம் பிரிக்க வேண்டும். தனி அறை. இரண்டு வருஷ ஒப்பந்தம்.

சுயம்புராஜுக்கு எழுதினேன். பதில் இல்லை. அவர் என் கையைப் பிடித்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

நான் ஏன் வீட்டைவிட்டு மறுபடி கிளம்பினேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. நீயும் நேசம்மாளும் பேசிச் சிரிப்பீர்கள். என்ன என்பேன். "ஒண்ணுமில்ல" என்பாய். பெபிஷா போனில் ஏதோ சொல்வாள், உன் முகம் வாடும். என்ன என்பேன். அதற்கும் ஒண்ணுமில்ல. ஓய்வுபெற்று ஊரில் இருந்த எட்டு மாசமும் உன் வாயசைவில் நான் அதிகம் படித்தது அந்த வார்த்தைதான். இங்கே பீரங்கிகளும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அவை வேறு யாரோடும் பேசுவதில்லை.

இப்போது அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வந்துவிடட்டுமா, செசிலி? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன்
ஞானதாசன்

---

இனயம்
5.1.2025

அன்புள்ள பெபிஷா அப்பாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். நான் அப்படிச் சொன்னது உண்மைதான். ஒரு சின்ன விஷயத்தை மூன்று தடவை கத்திச் சொல்லும்போது அதில் சொல்வதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை. உங்களை ஒதுக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. களைப்பு.

வரட்டுமா என்று நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை. வருகிற தேதியைத்தான் எழுதுவீர்கள். கேட்டுவிட்டதால் உட்கார்ந்து யோசித்தேன். பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

கோபத்தில் எழுதவில்லை. அந்த எட்டு மாசம் நாம் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் தனியாகக் கிடந்தோம். நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பயந்து பயந்து பேச்சையே குறைத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்தால் மட்டும் எனக்கு ஒரு மனுஷன் இருக்கிறார். நீங்கள் வந்துவிட்டால் அவரும் போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது. இப்படி எழுதுவது பாவமோ என்னவோ.

குழித்துறைக்குப் போய் சுயம்புராஜைப் பார்த்தேன். இனி அங்கே திரும்புவதில்லை என்று சொல்லிவிட்டார். ஊரிலேயே பெயின்ட் வேலைக்குப் போகிறார். உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொல்லச் சொன்னார். அந்தக் கோபம் அவர் மனைவி முகத்தில் இருந்தது.

ஈஸ்டருக்கு லீவு கேளுங்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து லீவில் வருகிறவரைத்தான் எனக்குத் தெரியும். புது விரிப்பு போடுவேன். கரைக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்து வாங்குவேன். நீங்கள் கிளம்பும்வரை எதற்கும் சண்டை போடமாட்டேன். அதை நான் நன்றாகச் செய்வேன்.

செசிலி