நான் அழித்த புள்ளிகள்

அன்புள்ள கண்ணு,

பத்திரம் எழுதுவதில் பெருந்துறையில் என்னை மிஞ்ச ஆளில்லை. கலெக்டரே என் எழுத்தைப் பார்த்து எழுந்து நின்றார்.

உன் இங்கிலீஷ் டீச்சர் வேலை விண்ணப்பத்தை டைப் அடித்து அனுப்பச் சொன்னாய். பத்திரத்தில் நடுவே முற்றுப்புள்ளி வைத்தால் எவனாவது உள்ளே புகுந்து ஒரு வரியைச் சேர்த்துவிடுவான் என்பது எங்கள் தொழில் பயம். உன் புள்ளிகளை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் 'அண்டு' (and) போட்டேன். ஒன்றரைப் பக்கம், ஒரே வாக்கியம்!

பத்து நாளைக்கு முன்பே அது என் ஆபீசுக்குத் திரும்பிவிட்டது. அந்தப் பள்ளித் தலைமையாசிரியை பன்னிரண்டு இடத்தில் சிவப்புப் புள்ளி குத்தி, "இங்கிலீஷ் டீச்சருக்கு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதா?" என்று எழுதியிருந்தார். அத்தனையும் நீ புள்ளி வைத்திருந்த இடங்கள். நீ கேட்டபோதெல்லாம், "தபால் லேட்டு அம்மணி, வந்துரும்" என்று சொல்லிப்போட்டேன்.

கெடுத்தது நான்தான் என்று அந்த அம்மாவுக்கு எழுதிவிட்டேன். திங்கட்கிழமை உன் கையெழுத்துப் பிரதியோடு நேரில் போ. துணைக்கு வரட்டுமா என்று கேட்க இந்த முறை எனக்குத் தைரியமில்லை.

இப்படிக்கு,
உன் மாமன்