அந்த ஒலக்கைச் சத்தம் உன்னுது

என் கோவத்த அப்படியே வாங்கிட்டுப் பொறந்த பூவரசிக் கண்ணுக்கு,

அம்மாயி எழுதறேன். போன எடத்துலயும் நீ சும்மா இருக்க மாட்ட, யாரையாவது கூட்டுச் சேத்துக்கிட்டுக் கத்திக்கிட்டுதான் இருப்ப. கொஞ்சம் நிறுத்திட்டு இதக் கேளு. கேட்டா உனக்குச் சந்தோசமா இருக்கும். எனக்கு இருக்கு.

சலீம் இத அப்படியே போன்ல ஏத்தி எல்லாருக்கும் போடறேன்னு சொல்லியிருக்கான். போடட்டும். உங்க பாட்டக் கேட்ட பசங்க எல்லாம் படிக்கட்டும். கிஷோரும் படிக்கட்டும். அவன் படிக்கணும்னுதான் எழுத்தப் பெருசு பெருசா போடறேன். அஞ்சாவதோட நிறுத்துனவதான் நான். ஆனா என் கையெழுத்து புரியலன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.

உன்னத் தெரியாதவங்களும் படிப்பாங்க, அவங்களுக்கு ஒரு வார்த்த. என் பேத்தி பூவரசி சேலத்துக் காலேஜ்ல படிக்கறப்ப கூடப் படிச்ச பசங்களோட ஒரு பாட்டுக் கூட்டம் ஆரம்பிச்சா. அதுக்கு முசுறுன்னு பேரு வெச்சா. மரத்துல இலையச் சுருட்டிக் கூடு கட்டி இருக்குமே, செவப்பா, மேல உழுந்தா ஒடம்பெல்லாம் புடுங்குமே, அந்த எறும்பு. பாட்டு அப்படித்தான் இருக்கணும்னு சொல்லுவா, சின்னதா வந்து கடிச்சுட்டுப் போயிடணும்னு. இவ பாடுவா. கிஷோர் கிட்டார். சலீம் டிரம். பேஸ் வாசிக்கற பையன் ஒருத்தன், அவன் வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல, சோறு திங்கறதுக்குத் தவர. கீழ பாடிப் பழக எடம் கெடைக்காம லீவு நாளெல்லாம் கொல்லிமலையில திண்ணனூர் நாட்டுக்கு நம்மூட்டுக்கே ஏறி வந்துருவாங்க. மொளகு காய வெக்கற ஷெட்டுதான் அவங்களுக்கு மேடை.

நெனப்பிருக்கா? மொத நாள் நீ கத்துன கத்துல பலா மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துபோச்சு. ஒல கொதிக்கறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுபோச்சு. "ஏன் கண்ணு இத்தன அவசரம், பஸ் போயிருமா"ன்னு கேட்டேன். "ஹார்ட்கோர் பங்க் அம்மாயி. இப்படித்தான் இருக்கும். கோவத்துக்கு எதுக்குப் பல்லவியும் சரணமும்"ன்ன. எனக்குப் புடிச்சுது. மொளகு வாங்க வர்ற யாவாரிகிட்ட நான் பேசறதும் அப்படித்தான.

அப்பறம் உனக்கே அது பத்தாமப் போச்சு. ஒரு நாள் கேப்பக்களியக் கிண்டிக்கிட்டு இருந்தவகிட்ட வந்து ஒக்காந்து சொன்ன. "பங்க்குனா கோவம் வந்ததும் கத்திடறது. மெட்டல்னா கோவத்த உள்ளயே வெச்சுக் கனமாக்கி, அப்பறம் தூக்கிப் போடறது. ரெண்டையும் சேத்தா? வேகமும் இருக்கணும், கனமும் இருக்கணும். கிராஸ்ஓவர்னு சொல்லுவாங்க அம்மாயி."

"கிராஸ் மாடு மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஆனா இது பால் தராது. முட்டும்."

நீ சிரிச்சது இன்னும் அந்த அடுப்படியிலயே இருக்கு.

கிஷோருக்கு மட்டும் அது ஆகல. நீங்க ஷெட்டுல சண்ட போட்டது எனக்குப் பாதி புரியாதுன்னு நெனச்சிருப்பீங்க. நான் வாசல்ல சாமை குத்திக்கிட்டு இருந்தேன், அத்தனையும் கேட்டுது. "மெட்டல் வாசிச்சா வெல போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க. நம்மள நம்பி வர்ற பசங்க மூஞ்சில எப்படி முழிக்கறது"ன்னு அவன் சொன்னான். "பயமா இருந்தா பயம்னு சொல்லு"ன்னு நீ சொன்ன. அதுக்கு அவன் ஒண்ணு சொன்னான். "நீ பாடறதே கத்தல். ஒரு நிமிசம்னா பொறுத்துக்குவாங்க. அஞ்சு நிமிசம் உன்னக் கத்த விட்டா எவன் கேப்பான்?"

வண்டிய எடுத்துக்கிட்டுச் சாப்பிடாமக் கெளம்பிட்டான். நம்ம வாசல்ல இருந்து பசியோட எறங்கிப் போன மொத ஆளு அவன்தான்.

நீ வந்த. அழுவேன்னு பாத்தேன், அழல. சுவத்துல சாத்தியிருந்த இன்னொரு ஒலக்கைய எடுத்துட்டு எனக்கு எதுத்தாப்ல நின்ன. ஒரே ஒரலு, ரெண்டு ஒலக்கை. என்னுது ஏற உன்னுது எறங்க, உன்னுது ஏற என்னுது எறங்க. அன்னிக்கி நீ குத்துன வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குச்சு. உமி விட்டதும் நான்தான் "நிதானமா, நிதானமா, நொய்யாயிரும்"னேன். உடனே நீ மெதுவாக்குன. ஆனா ஒவ்வொண்ணும் தரைய ஒலுக்கற மாதிரி போட்ட. போட்டுட்டு அப்படியே நின்னுட்ட.

"சலீமு, கேட்டியாடா?"

வாசப்படியில ஒக்காந்திருந்த சலீம் ரெண்டு குதிகாலாலயும் மாத்தி மாத்தித் தரையத் தட்டிக்கிட்டு இருந்தான். தனக்கே தெரியாமத் தட்டிக்கிட்டு இருந்தான் அந்தப் பையன். "இததான் நான் இத்தன நாளாச் சொல்லிட்டு இருந்தேன். டிரம்ல மிதிக்கற ரெண்டு காலும் ரெண்டு ஒலக்கை. வேகமா வந்து, அப்பறம் இந்தக் கனம்"னு நீ சொன்ன. அடிவாரத்துல இரும்புக் கடை வெச்சிருக்கறவரு மவன், ஒலக்கையத் தொட்டதே இல்லாதவன், அன்னிக்கிச் சாயங்காலம் வரைக்கும் என் எதுக்க நின்னு சாமை குத்துனான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். "எங்கம்மா கேட்டா என்னன்னு சொல்றதுங்க அம்மாயி"ன்னான். "எங்கூட்டுக்கு மாப்பளையா வர ஒத்திகன்னு சொல்லுடா"ன்னு நீ சொன்ன. பாவம், காதெல்லாம் செவந்துபோச்சு அவனுக்கு.

அந்த வருசம் வந்த காச்சல்ல நீ போயிட்ட. அதப் பத்தி நான் எழுத மாட்டேன்.

நம்மூட்டுல சாவு உழுந்தா ஒரலக் கவுத்து வெப்போம். காரியம் முடிஞ்சு நெலவாசல் கழுவுனதும் ஊட்டுல மூத்தவ நிமித்துவா. உன் காரியத்தன்னிக்கி எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நான் நிமித்தல. உங்கம்மா கூட, "ஏம்மா, எத்தன நாளைக்கி"ன்னு கேட்டா. சாமைய மில்லுல குடுத்துதான் வாங்கறேன். நொய்யாத்தான் வருது. தின்னுக்கறேன்.

இப்ப கிஷோர் கதைக்கு வாரேன்.

முசுறு மறுபடியும் கெளம்பிருச்சு கண்ணு. கொஞ்ச நாள் சும்மா இருந்தாங்க, அப்பறம் புதுசா ஒரு பையன் பாட வந்தான். தொண்டைக்குள்ள பன்னி உறுமுற மாதிரி பாடறான். பாட்டெல்லாம் நீளம். கிட்டாரு கனமா இருக்கு, அடியில சலீமோட ரெண்டு காலும் ஒலக்கையாட்டம் எறங்குது. நீ கேட்டது அத்தனையும் அதுல இருக்கு. உங்கம்மா திருப்பூர்ல இருந்து போன்ல அனுப்பியிருந்தா. மொதல்ல கேட்டப்ப எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. பேத்தி நெனச்சத செஞ்சுட்டாங்கன்னு பக்கத்தூட்டுச் செல்லாயிகிட்ட எல்லாம் போயிப் போட்டுக் காமிச்சேன்.

அப்பறம் கிஷோர் பேசுன வீடியோ வந்துது. யாரோ கேள்வி கேக்கறாங்க, எப்படி இப்படி மாறுனீங்கன்னு. இவன் தாடியத் தடவிக்கிட்டுச் சொல்றான். "பூவரசி இருந்த வரைக்கும் நாங்க கத்திக்கிட்டு இருந்தோம். அவளுக்கு மெட்டல் ஆகாது. அவ போனதுக்கு அப்பறம்தான் நான் துணிஞ்சு மாத்துனேன். கொல்லிமலையில ஒரு கெழவி ஒலக்கை குத்தறதப் பாத்தப்ப எனக்கு வந்த யோசன இது."

ஒரு கெழவி. என் கையால தின்ன சோத்துக்கு இந்தப் பேரு. அதக் கூட உட்டுருவேன். உனக்கு மெட்டல் ஆகாதாம். சாவுறதுக்கு முன்னால நீ ஆசப்பட்டது எதுவோ, அதுக்கே உன்னத் தடையாக்கிட்டான். நீ செத்ததுதான் அவனுக்கு வழி உட்டுதாம். பக்கத்துல ஒக்காந்திருந்த சலீம் தன் செருப்பப் பாத்துக்கிட்டு இருந்தான். அவன் மேலயும் எனக்கு எரிச்சல்தான் அப்ப.

உங்கம்மா சொன்னா, "உட்டுரும்மா, அவளே போயிட்டா, பேரு எவனுக்குப் போனா என்ன"ன்னு. நீ சொல்லு, உட்டுரலாமா?

அதுக்கடுத்த வாரம் கிஷோரே போன்ல கூப்புட்டான். "அம்மாயி, நல்லா இருக்கீங்களா? ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்கணுங்க. பழைய ஷெட்டுலயே எடுத்தா நல்லா இருக்கும். நீங்களும் ஒலக்கையோட நிக்கணும்."

"வா சாமி, வா. உனக்கில்லாத ஊடா"ன்னேன். என் கொரல நீ கேட்டிருந்தா அப்பவே ஓடிப்போயிருப்ப.

அவன் வர்ற நாளு காலைல ஆடு அத்தனையும் ஷெட்டுக்குள்ள கட்டுனேன். கூட்டல. செல்லாயியோட ரெண்டு கெடாவையும் கேட்டு வாங்கிக் கட்டுனேன். கட்டிட்டு வேணும்னே காட்டுக்குப் போயிட்டேன், காத்திருக்கட்டும்னு.

திரும்பி வந்தா சத்தம் கேக்குது. டங்கு டங்குன்னு வெறும் சத்தம். கேமராக்காரனும் கிஷோரும் சேந்து உன் ஒரல உருட்டி நிமித்தியிருக்காங்க. நிமித்துனதும் இல்லாம, ஒரு மணி தானியம் போடாம, வெறும் ஒரலக் குத்திக்கிட்டு இருக்கான். நம்ம மலையில சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியும், வெறும் ஒரலக் குத்துனா அந்த ஊட்டுல இன்னொரு சாவு உழும்னு. வேலி ஓரமா செல்லாயியும் மத்த பொம்பளைங்களும் வாயில துணிய வெச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தாங்க. சலீம் அப்பத்தான் வண்டிய நிறுத்திட்டு, பேஸ் வாசிக்கற பையனோட பின்னால வாரான்.

"யாரக் கேட்டு நிமித்துன?"

"ஒரே ஒரு ஷாட்டுதானுங்க அம்மாயி. கவுந்து கெடந்தா சத்தம் வராதுங்களே. தானியம் போட்டா அமுங்கிருதுங்க."

"அது யாருக்காகக் கவுந்து கெடக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

அவன் முழிச்சான். அப்பறம் புரிஞ்சுக்கிட்ட மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு, "அவ நெனப்புக்குத்தானுங்க இந்தப் பாட்டே"ன்னான்.

"நல்லது சாமி. அப்ப அந்த கேமராவப் பாத்துச் சொல்லு. இந்தச் சத்தத்தக் கேட்டு இதுதான் வேணும்னு சொன்னது யாரு? வேண்டான்னது யாரு? அன்னிக்கி இந்த ஷெட்டுல அவளப் பாத்து நீ சொன்ன வார்த்தையையும் சொல்லு."

"பழசெல்லாம் எதுக்குங்க இப்ப. பாட்டு எல்லாரோடதுந்தான."

"எல்லாரோடதும்னா வீடியோவுல ஏன் நான் நான்னு சொன்ன?"

மலை ஏறி வந்த மூச்சும் வெயிலும், பையன் வேத்து ஊத்திக்கிட்டு நிக்கறான். கண்ணு என் பக்கத்துல இருந்த சொம்பு மேல போச்சு. நம்ம ஊடுகள்ல மலை ஏறி வந்தவன் யாரா இருந்தாலும் மொதல்ல தண்ணி குடுத்துட்டுத்தான் பேரே கேப்போம். நான் அந்தச் சொம்ப எடுத்தேன். அவன் கையக் கூட நீட்டிட்டான். அவனப் பாத்துக்கிட்டே அந்தத் தண்ணியில என் கையக் கழுவுனேன். சொம்பு காலியாகற வரைக்கும் கழுவுனேன்.

வேலிகிட்ட இருந்த பொம்பளைங்க அவங்கவங்க ஊட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாங்க.

அப்பத்தான் சலீம் முன்னால வந்தான். கிஷோரு கையில இருந்த ஒலக்கைய வாங்கிச் சுவத்துல சாத்துனான். ஒரலத் தனியாளாப் புடிச்சுச் சாச்சு, கவுத்து வெச்சான். முட்டியெல்லாம் மண்ணு. எந்திரிச்சு கிஷோரப் பாத்துச் சொன்னான். "அன்னிக்கி நானும் இங்கதான் இருந்தேன்டா. கேமரா முன்னால உன் பக்கத்துல ஒக்காந்துட்டு வாயத் தொறக்கல. இனி உனக்கு அடிக்க மாட்டேன்."

"சலீமு, பெங்களூர் நிகழ்ச்சிக்கு என்னடா பண்றது?"

"நீதான யோசிச்ச. நீயே அடி."

கண்ணு, அந்த ஒரு பேச்சுக்கே நீ இருந்திருந்தா கத்தியிருப்ப. பேஸ் வாசிக்கற பையன் கூட அன்னிக்கி வாயத் தொறந்தான். "நானும்தான்"னு சொல்லிட்டுச் சலீம் வண்டியில ஏறிக்கிட்டான்.

கிட்டார்ப் பைய எடுக்கக் கிஷோர் ஷெட்டுக்குள்ள போனான். செல்லாயி ஊட்டுக் கெடா அதும் மேல மோண்டு வெச்சிருந்துது. அந்தக் கெடாவுக்கு அன்னிக்கி ரெண்டு கை சோளம் சேத்துப் போட்டேன். கிஷோர் தாகத்தோட வாசலூர்பட்டி வரைக்கும் போயி, படகுத்துறைகிட்ட செல்லாயி மவன் டீக்கடையில நிறுத்தியிருக்கான். பால் தீந்துபோச்சுன்னு சொல்லியிருக்கான் செல்லாயி மவன், அவன் கண்ணு முன்னாலயே பொங்குற பால எறக்கி வெச்சுக்கிட்டு. நான் ஒண்ணும் சொல்லிவெக்கல. நமக்கு முன்னால நம்ம சேதி போயிருது இந்த மலையில.

பெங்களூர்ல அவங்க வாசிக்கல. வேற ரெண்டு பேர வெச்சுப் பாத்தாங்களாம், சலீமோட கால் மாதிரி வரலயாம். கேட்டதுல இருந்து எனக்கு நல்லாத் தூக்கம் வருது.

போன வாரம் சேதி சொல்லி அனுப்பிச்சான் கிஷோர். பாட்டுக்குக் கடசியில நன்றின்னு போட்டு உன் பேரப் போடறானாம். நன்றி சொல்லுறதுக்கு நீ என்ன அவனுக்கு ஒத்தாசைக்கு வந்தவளா? திருப்பிச் சொல்லியனுப்பிட்டேன். எந்த வாயால உனக்கு மெட்டல் ஆகாதுன்னு சொன்னானோ, அதே வாயால, அதே மாதிரி கேமரா முன்னால, உண்மையச் சொல்லட்டும். வந்து எங்கிட்ட அழ வேண்டாம்.

நீ இருந்தா அவன மன்னிச்சிருப்ப. எனக்கு நல்லாத் தெரியும். ஒரு கெட்ட வார்த்த சொல்லிட்டு, அடுத்த நிமிசம் அவன் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நின்னிருப்ப. தடுக்க நீ இல்ல. அதனாலதான் எல்லாத்தையும் இப்பவே செஞ்சு முடிச்சுக்கறேன்.

ஞாயித்துக்கெழம ஆனா சலீமும் அந்த ஊமப் பையனும் வாராங்க. ஆட்ட அவுத்துட்டு ஷெட்ட நானே கழுவி உட்டேன். நீ பழைய பாட்டுல கத்துன கொரல எடுத்துப் புதுசா ஒண்ணு சேக்கறாங்க. வேகமா வந்து, அப்பறம் கனமா எறங்குது. அஞ்சு நிமிசம் ஓடுது கண்ணு. அஞ்சு நிமிசமும் நீதான் கத்தற. நான் எழுந்திரிக்காமக் கேக்கறேன்.

அது உன் பேரோட வெளிய வர்ற அன்னிக்கி ஒரல நிமித்தறேன். புதுச் சாமை ரெண்டு படி போட்டு, சலீம எதுக்க நிறுத்தி, நிதானமாவே குத்தறேன். வர்றவங்க எல்லாருக்கும் பொங்கிப் போடுவேன், தண்ணி குடுப்பேன். கிஷோர் உண்மையச் சொல்லிட்டு வந்தா அவனுக்கும் எல போடுவேன். தண்ணி மட்டும் அவனே மோந்து குடிச்சுக்கட்டும்.

உன்ன வளத்தவ, உனக்குப் பதிலா அவன மன்னிக்காம இருக்கறவ,
உன் அம்மாயி